பிரசவ அறைக்குப் பக்கத்தில் அடுப்பு

செஞ்சி, 16.8.1967

பம்பாயில் இருப்பவருக்கு,

ஒரு வார்டு ஆயா சமையலறையிலிருந்து பிரசவ அறைக்குச் சுடுதண்ணீரோடு ஒரு நாளில் எத்தனை தடவை நடக்கிறாள்? உங்கள் கம்ப்யூட்டருக்காக நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளில் இது இருந்தது. பதினெட்டு வருடமாக இங்கே டாக்டராக இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

நர்ஸுகளைக் கேட்டு எழுதியனுப்பினேன். இப்போது புது ஆஸ்பத்திரியின் வரைபடம் வந்திருக்கிறது. பிரசவ அறைக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர். பிள்ளை பெறுகிறவள் மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே பெற வேண்டும். கம்ப்யூட்டர் சொன்னதை, கட்டடக்கலை படித்த நீங்கள் அப்படியே வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். முன்பு உங்களுக்காக யோசிக்க உங்கள் அம்மா இருந்தார்கள், இப்போது இயந்திரம்.

நாம் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நம் வீட்டில் யார் எவ்வளவு நடந்தார்கள் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் கையெழுத்துப் போடாமல் இதைக் கட்ட முடியாது. போடப்போவதில்லை.

17ஆம் தேதி.

மறுப்புக்கு ஆதாரம் வேண்டுமென்று காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அறைகளைக் குறித்தேன். ஆயா தைலம்மாள் குடத்தோடு நடந்து பார்த்தாள். இப்போதைய ஆஸ்பத்திரியில் அடுப்பிலிருந்து பிரசவ அறைக்கு எண்பத்தாறு அடி, உங்கள் வரைபடத்தில் ஒன்பது.

“இன்னாம்மா, அதுக்குள்ள வந்துட்டேன்?” என்று திரும்பி நின்றாள். “இத போட்டவரு தண்ணி சுமந்தவரா?”

இல்லை என்றேன்.

கையெழுத்துப் போட்டு வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சமையலறைக்கு ஒரு புகைபோக்கி வேண்டும். அதையாவது நீங்களே யோசித்துப் போடுங்கள்.

செஞ்சியில் இருப்பவள்