இசக்கியின் இடது முழங்கால்

என் தங்க மகள் பேச்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. நீ போன மறு வருஷம், தென்காசியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிற வகுப்பில் சேர்ந்தேன். ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு என்கூட எண்ணெய் தேய்க்கிறவர்கள் சிரித்தார்கள். "ஏலே, அண்ணாச்சி கலெக்டராவப் போறாரு. இனி எண்ணெய் தேய்க்கணும்னா மனு குடுக்கணும்லே" என்றார்கள். சிரிக்கட்டும். இப்போது பஸ் போர்டைப் படித்துத்தான் ஏறுகிறேன். ஏறின பிறகும் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் போய்விடுகிறார்.

பெரிய சேதி ஒன்று. உன் மகள் இசக்கி இந்தியாவுக்கு ஹாக்கி ஆடுகிறாள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்காகப் பல நாடுகள் சேர்ந்து ஆடுகிற போட்டி. நீலச் சட்டை, முதுகில் அவள் பெயர். செல்போனில் பார்த்தேன். பெயரை இங்கிலீஷில் போட்டுவிட்டார்கள், அது ஒன்றுதான் எனக்கு வாசிக்க வரவில்லை.

இதோடு முடித்தால் நல்ல கடிதம். ஆனால் உன்னிடம் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

விமானம் ஏறுவதற்கு முன்னால் ஐந்து நாள் வீட்டில் இருந்தாள். எப்போது வந்தாலும் இரண்டு காலையும் நீட்டி, "தாத்தா, தேய்ச்சுவிடு" என்பாள். இந்தத் தடவை வலது காலை மட்டும் நீட்டினாள். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம், அலமாரியில் ஒரு சீட்டு கிடந்தது. எலும்பு வைத்தியசாலைச் சீட்டு, தமிழில். ஒளித்துக்கூட வைக்கவில்லை. இந்த வீட்டில் வாசிக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'இடது முழங்கால் ஜவ்வு கிழிந்துள்ளது. இரண்டு மாதம் ஓடக்கூடாது.' கடைசி எழுத்துவரை துணையில்லாமல் வாசித்துவிட்ட சந்தோஷத்தில், "ஏட்டி இசக்கி, முழுசா வாசிச்சிட்டேன்!" என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது உறைத்தது.

ஈரத்தலையோடு ஓடிவந்தாள். "ஒனக்குக் கையெழுத்து போட மட்டுந்தான வரும்னு நெனச்சேன் தாத்தா."

"வாசிக்கவும் வருது. மாஸ்டர்கிட்ட சொன்னியா?" தென்காசி மைதானத்தில் அவளுக்கு ஆட்டம் பழக்கியவரைத்தான் கேட்டேன்.

"சொன்னா வேற புள்ளைய அனுப்பிருவாவ. அடுத்த போட்டிக்கு எனக்கு வயசு தாண்டிரும். ஒன் கை பட்டா வீக்கம் இறங்கிரும். ஊருக்கெல்லாம் தேய்க்கே, எனக்குத் தேய்க்க மாட்டியா?"

வீக்கத்தை இறக்க எனக்குத் தெரியும். கிழிந்ததை ஒட்ட என்னால் ஆகாது. அதுவும் தெரிந்துதான் மூன்று நாள் ஒத்தடம் கொடுத்து, மூலிகை அரைத்துப் பத்துப் போட்டு, நீவிவிட்டேன். நொண்டாமல் நடந்தாள்.

கடைசி நாள் மாஸ்டர் ஒரு தாள் கொண்டுவந்தார். அவள் அப்பன் வேறு குடும்பம் என்று போனபிறகு அவளுக்குப் பொறுப்பு நான்தானே. 'இவருக்குக் காயம் எதுவும் இல்லை என உறுதி கூறுகிறேன்' என்று தமிழிலும் அச்சடித்திருந்தது. நீ இருந்தவரை, நீ வாசித்துச் சொல்லாமல் எதிலும் என்னைக் கைநாட்டு வைக்க விட்டதில்லை. இதை நானே வாசித்தேன், இரண்டு தடவை. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வகுப்புக்கு வெளியே நான் போட்ட முதல் கையெழுத்து, பேச்சி. நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா?

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கை வலித்தது என்று வைத்துக்கொள்.

இன்று காலை மூன்றாவது ஆட்டம். பெனால்டி கார்னர் என்று ஒன்று. எதிராளி நம் கோலுக்கு நேரே பந்தை அடிக்கும்போது, நம் பக்கத்துப் பெண் ஒருத்தி முதல் ஆளாக அதை நோக்கியே பாய வேண்டும். அது இசக்கியின் வேலை. பாய்ந்தாள். பந்து அவள் மட்டையில் பட்டு வெளியே போனது. நானும் கத்தினேன். மற்றப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்தபோது அவள் இடது காலைத் தரையில் ஊன்றவில்லை. முழங்காலில் உறை மாட்டியிருப்பதால் யாருக்கும் தெரியாது. நாற்பது வருஷம் கால் நீவினவனுக்குத் தெரியாதா?

மத்தியானம் போனில் பேசினாள். "ஜெயிச்சிட்டோம் தாத்தா! நாளன்னைக்கு அரையிறுதி."

"கால் எப்படியிருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும். தொறந்தேன்னா ஒங்கிட்டப் பேசவே மாட்டேன், ஆமா."

பேசமாட்டாள். உன் பிடிவாதம்தானே. நீ போனபின் இந்த வீட்டுக்கு வருகிற ஒரே குரல் அது. அதை இழக்கப் பயந்துதான் சும்மா இருந்தேனா? இல்லை, நீலச் சட்டையில் அவளைப் பார்க்கிற என் ஆசையா? எனக்கே பிடிபடவில்லை.

மாஸ்டர் சாயங்காலம் மைதானத்தில் இருப்பார். அவள் அலமாரியிலேயே விட்டுப்போன வைத்தியசாலைச் சீட்டை எடுத்துக்கொண்டு நாலரை மணி பஸ்ஸில் தென்காசி போகிறேன். வீக்கத்தை இறக்கியது நான், தெரிந்தே கையெழுத்துப் போட்டது நான் என்று சொல்லிவிடுவேன். அங்கே இருப்பவர்களுக்கு அவர் இன்றைக்கே சொல்லட்டும். அரையிறுதியில் அவளை இறங்க விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு, பேச்சி. அவள் என்னை வெறுப்பாள். இரண்டு காலையும் ஊன்றி நின்று வெறுக்கட்டும்.

உன்னைப் பெற்றவன்,
உன் மகளுக்குத் தாத்தா,
சுடலைமுத்து