ஃபுல் பூஸ்ட் விளக்கு

மாப்பிள்ளை, ஈரேழு உலகத்திலும் எவனும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். நீயும் நம்ப வேண்டாம். சும்மா கேள், போய்ச் சேர்ந்தவனுக்கு வேறென்ன வேலை?

நீ போன பிறகு இன்றுதான் காரை வேறொருவரிடம் சர்வீஸுக்கு விட்டேன். பானட்டைத் திறந்ததும் சூடான ரப்பர் வாசம். உன் சட்டை வாசம். கண் கலங்குவதற்குள் மெக்கானிக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏனுங்க, டர்போ வால்வோட ஒயரை யாருங்க கழட்டி உட்டது?"

கழன்ற பிளக்கின் வாயில் பனியன் வேஸ்ட் துணி. அதன்மேல் பனியன் தைக்கிற ஓவர்லாக் நூலால் ஓர் இடதுகைக்காரன் முடிச்சு. உன் முடிச்சு.

எஞ்சினுக்குள் டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கலாம் என்பதை அடக்கி ஆளுகிற வால்வு அது. அன்றொரு ஞாயிறு முழுக்க லேப்டாப்பை மடியில் வைத்து, என்னை அவிநாசி ரோட்டில் ஓட்டவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காற்றழுத்தத்தை, உன் பாஷையில் பூஸ்டை, ஏற்றினாய். நொய்யல் ஆற்றை ஒரே தாவில் தாண்டினேன். காதர்பேட்டைக் கடைகளில் தொங்கிய பனியன்கள் கூட்டமாக என் பின்னாலேயே பறந்து வந்தன.

மறுநாள் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. "பயப்படாதீங்க மாமா. அது எரிஞ்சா ஃபுல் பூஸ்ட்னு அர்த்தமுங்க" என்றாய்.

நம்பினேன். ஊரையே கூட்டி அந்த விளக்கைக் காட்டினேன். பங்காளியிடம், "ஊத்துக்குளி வரைக்கும் ஓட்டிப் பாத்துரலாம் வாடா, தோத்தா மீசையை எடுத்துர்றேன்" என்று சவால் விட்டேன். பக்கத்து சீட்டில் நீ. பங்காளி புழுதியில் மறைந்தான். பின்னாலேயே வெண்ணெய் வேன் ஒன்றும் என்னைத் தாண்டிப் போனது.

"எதிர்க்காத்துங்க மாமா" என்றாய், கல்லுப் பிள்ளையார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "மெதுவாவே போங்க. ஊட்டுல அக்கா பாத்துட்டிருக்கும்."

மீசையில்லாத என்னைப் பார்த்து உன் அக்கா சிரித்த சிரிப்பின் அர்த்தம் இன்றுதான் விளங்கியது. அது பூஸ்ட் விளக்கல்ல, ஒயர் கழன்றதைச் சொன்ன எச்சரிக்கை விளக்கு. அக்காளும் தம்பியும் கூட்டுச்சதி! அட துரோகி, சண்டை போடலாமென்றால் ஆள் இல்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்த அன்றைக்கும், "வாயுங்க மாமா, ஒண்ணுமில்லீங்க" என்றாய். அந்த விளக்குக்கும் ஓர் அர்த்தம் சொல்லிவிட்டாய். அதையும் நம்பினேனே, பாவி. என் வேகத்தைக் கழற்றிவைத்த உனக்கு அத்தனை அவசரம் எதற்கு?

"மாட்டிரட்டுங்களா?" என்றார் மெக்கானிக்.

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்."

நொய்யலைத் தாண்டியதும் பனியன்கள் பறந்ததும் புளுகுதான், மாப்பிள்ளை. வீடு வரைக்கும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே வந்தது. அது மட்டும் நிஜம்.