புதன்கிழமை விமானத்தில் வராதிருக்க வேண்டி

அனுப்புநர்:
திருமதி சியாமளா ரங்கராஜன்,
வானவடி, புனே.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
விமானப் பாதுகாப்புப் பிரிவு, சென்னை.

பொருள்: எண்ணெய்க் கசிவைக் கண்டு விமானத்தை எடுக்க மறுத்த விமானியைப் பணியிலிருந்து விலக்கி வைத்தது, மற்றும் தங்கள் பயணம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. என் கணவர் கேப்டன் ரங்கராஜன், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றபின் தனியார் நிறுவனம் ஒன்றில் புனே–சென்னை விமானத்தை ஓட்டிவந்தார். சென்ற மாதம் ஒரு காலை, புறப்படுமுன் வழக்கம்போல் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தபோது, இடப்பக்கச் சக்கரத்தின் பிரேக் குழாயில் ஊதா நிற எண்ணெய் கசிந்திருந்தது. இன்ஜினியர் அதைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கறைதான் என்றாராம். இவர் அங்கேயே நின்றார். சற்று நேரத்தில் எண்ணெய் மறுபடி ஊறியது. தம் கைக்குட்டையால் அதை ஒற்றியெடுத்து, குழாயை மாற்றாமல் விமானத்தை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

2. பயணிகள் கூச்சலிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள். நிறுவனம் வேறொரு விமானியை வரவழைத்து, அன்று மாலையே அதே விமானத்தை அனுப்பியது. அது பத்திரமாக இறங்கியது. அப்படி இறங்கியதையே என் கணவர்மேல் குற்றமாக எழுதி, அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். நேற்று தப்பித்தது நாளைக்கு உத்தரவாதமா ஐயா? எனக்குக் கோபம் பொங்குகிறது. மனு என்பதால் அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

3. உட்காரவைத்தார்கள் என்றேனே தவிர, அவர் உட்காருவதில்லை. விடிந்ததும் கீழே போய், குடியிருப்பிலுள்ள ஸ்கூட்டர் டயர்களையெல்லாம் குனிந்து பார்க்கிறார். பெட்ரோல் திருட வந்தவரோ என்று புது வாட்ச்மேன் சந்தேகப்பட்டுவிட்டான். ஹடப்சர் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு பால்கனிக்கு ஓடி, சக்கரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். குழாயை மாற்றினார்களா என்று கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்கு நிறுவனம் இதுவரை பதில் தரவில்லை.

4. அவர் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய புகாரை விசாரிக்க, வரும் புதன்கிழமை தாங்கள் அந்த நிறுவனத்தின் விமானத்திலேயே வருவதாக நேற்று தகவல் வந்தது. இந்தத் தடத்தில் அவர்களுக்கு இருப்பது அந்த ஒரே விமானம். வேலை திரும்பக் கிடைக்குமென்று நான் சுவாமிக்கு விளக்கேற்றினேன். அவருக்கோ முகம் வெளிறிவிட்டது. "அந்த மனுஷரை அதுல ஏறவேண்டாம்னு யாராவது சொல்லுங்களேன்" என்றார். தாமே எழுதினால் விசாரணையைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறான் என்பார்களாம். காலையிலிருந்து ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். அவரைக் கேட்காமலேயே இதை எழுதி இன்றே கூரியரில் அனுப்புகிறேன்.

5. தாங்கள் எங்களுக்குச் சாதகமாக எழுதவேண்டும் என்று கேட்கவில்லை. அந்த விமானத்தை நிறுத்தி, முதலில் அந்தக் குழாயைச் சோதிக்க உத்தரவிட வேண்டுகிறேன். அதுவரை தயவுசெய்து ரயிலில் வாருங்கள். விசாரணை ஒரு நாள் தள்ளிப்போனால் பாதகமில்லை; தாங்கள் வந்து சேரவேண்டும்.

இடம்: புனே
நாள்: 12.8.2004

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்நோக்கும்,
சியாமளா ரங்கராஜன்

இணைப்பு: துவைக்காத கைக்குட்டை ஒன்று.