பெயரில்லாத பொத்தான்கள்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையில்லை, அப்பாவுக்கும் சாப்பாடு இறங்குகிறது, உன் அண்ணன் புது வீட்டுச் சுவர் முழுக்கத் தானே சாம்பல் நிறம் அடித்துவிட்டு இப்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு இதய டாக்டர் கொடுத்திருந்த தேதி போய்விட்டது, அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான். நீங்களே ரத்து செய்திருக்கிறீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அழுத்தியது அப்பாதான், அழுத்த வைத்தது அந்த ஆஸ்பத்திரிக்காக நீ வடிவமைத்த செயலி. கண் மங்கிய பிறகு அவர் போனை வாய்விட்டு வாசிக்க வைத்துத்தான் எல்லாம் செய்கிறார். வங்கிச் செயலியில் விரல் வைத்தால் பணம் அனுப்பு, இருப்பு என்று தெளிவாகச் சொல்கிறது, உன்னுடையதில் எங்கே வைத்தாலும் பொத்தான், பொத்தான் என்கிறது. நீ வைத்த அழகழகான படங்களுக்குப் பெயர் கொடுக்கவில்லை போலிருக்கிறது. மனிதர் அசரவில்லை, மேலிருந்து எண்ணி மூன்றாவது உறுதி, நான்காவது ரத்து என்று மனப்பாடம் செய்துவிட்டார். போன மாதம் நீங்கள் வரிசையை மாற்றினீர்கள், மூன்றாவது இடத்தில் ரத்து வந்து உட்கார்ந்தது, கதை முடிந்தது. ரத்தானதற்கு அடையாளம் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை யாருக்காக வைத்தாயோ.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அப்பா, என் கைதான் தவறிப்போச்சும்மா, செயலி அருமையா இருக்கு, எம்பொண்ணு செஞ்சது என்று பெருமை பேசினார். எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார், கொடுத்தேன், இதோ மீறுகிறேன். நேற்று போனை என் பக்கம் தள்ளி, இனிமே எல்லாம் நீயே பாத்துக்கோ என்றார். தேதி போனதைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

படங்களுக்குப் பெயர் வை. நிறத்தால் மட்டும் சொல்லாதே, எழுத்திலும் சொல். எதை மாற்றினாலும், வெளியே விடும்முன் பார்வை இல்லாத ஒருவர் கையில் கொடுத்துப் பார், ஆகா ஓகோ என்கிற உன் மேலதிகாரியிடம் காட்டினால் போதாது.

நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, இது கிடைத்த அன்றே உன் போனில் அந்த வாசிக்கும் குரலைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்பாவுக்கு ஒரு தேதி வாங்கிப் பார். முடியாவிட்டால் அவரைக் கூப்பிட்டு நீயே சொல், தவறியது அவர் கை இல்லை என்று.

இப்படிக்கு,
அம்மா