சூரியன் இல்லையாம், எரிமலையாம்

மார்ச் 3

அன்பு வாலுவுக்கு,

பாட்டி எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வியாழன் கிரகத்தைச் சுற்றி வெறிபிடித்து ஓடும் கனமான துகள்கள் சூரியனிலிருந்து வந்தவை என்று நீ கண்டுபிடித்ததை மாடி வீடு, தையற்காரி, பல் டாக்டர் என்று ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. டாக்டரிடம் பாதியைப் பல் பிடுங்கும் முன்பும், மீதியை வாய் மரத்துப்போன பிறகும் சொன்னேன். கட்டுரை அச்சில் வந்ததும் உன் வேலை நிரந்தரம் என்பதையும் சேர்த்துத்தான்.

உன் பாட்டி

மார்ச் 19

அன்புள்ள பாட்டிக்கு,

போனில் உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

விண்கலத்துக் கருவியின் முகப்பில் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அதன் தடிமனைக் கணக்கில் குறைத்துப் போட்டுவிட்டேன். தகட்டைத் துளைத்து வந்து வேகம் குறைந்த ஆக்சிஜன் எனக்குக் கார்பனாகத் தெரிந்தது. கார்பன் என்றால் சூரியனிலிருந்து வந்தது என்று எழுதினேன். திருத்திப் பார்த்தால் ஆக்சிஜனும் கந்தகமும்தான். வியாழனின் நிலா ஒன்றில் எரிமலைகள் கக்குபவை. அது உலகத்துக்கே முன்பே தெரியும். என்னுடையது என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

"இப்ப யாரு நோண்டப் போறா? வேல உறுதியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியவர். நீங்களும் ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாலு

ஏப்ரல் 6

வாலு,

தகடு பாதி புரிந்தது. 'அப்புறம் பாத்துக்கலாம்' முழுக்கப் புரிந்தது.

நேற்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாடி வீட்டில், "சூரியன் இல்லையாம், எரிமலையாம். தப்பாப் போட்டதும் எம் பேத்திதான், கண்டுபிடிச்சதும் அவதான்" என்றேன். தையற்காரி வாயில் ஊசியோடு, "எங்கிருந்து வந்தா என்ன, இந்த ரவிக்க உங்களுக்குச் சரியா இருக்கா பாருங்க" என்றாள். பல் டாக்டர்தான், "அப்ப வேல?" என்று கேட்டார். போகும் என்றேன். ஆனாலும் நிமிர்ந்துதான் சொன்னேன்.

என் பங்கு முடிந்தது. இனி உன் பாடு.

பாட்டி

மே 2

அன்புள்ள பாட்டிக்கு,

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. பெரியவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மாதக் கடைசியில் பெட்டியோடு வருகிறேன். கூடத்துக் கட்டிலில் மடித்துப் போட்டிருக்கும் துணிகளை எடுத்துவிடுங்கள். பல் டாக்டர் வாசலைத் தாண்டித்தானே வர வேண்டும்? சுற்று வழி போகாமல் அந்தப் பக்கமாகவே வருவேன்.

வாலு