முதல்முறை வருபவர்களுக்குச் சலுகை

பிப்ரவரி 4, செவ்வாய்

மிளகு இன்று நூற்று முப்பத்தேழரை சென்டிமீட்டர். கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டேன். தீம் பார்க்கில் நூற்று நாற்பதுக்குள் இருந்தால்தான் குழந்தைச் சீட்டு. ஒரு நூல் கூடினாலும் பெரியவர் கட்டணம். மே மாதம் வரை இரண்டரை சென்டிமீட்டர் கையிருப்பில் இருக்கிறது.

"கொஞ்ச நாளைக்கு வளராம இருடி" என்றேன்.

"அப்போ பால் வேணாம்" என்று தம்ளரை நகர்த்திவிட்டாள். ஒன்பது வயதுக்கு இந்த வாய். உருவம் சின்னது, காரம் பெரியது என்று அவள் அப்பாதான் இந்தப் பெயரை வைத்தார். இப்போது பள்ளிக்கூடத்து ஆட்டோக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்கிறாள். நாங்களும் ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம்" என்கிறோம். இந்த வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. ஒரு சோப்பு கம்பெனி, இருபது உறை அனுப்பினால் ஒரு குழந்தைச் சீட்டு இலவசம் என்று அறிவித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அவ்வளவு அழுக்கு கிடையாது. நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் எல்லாரையும் அந்த சோப்புக்கு மாறச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பள்ளிக் கண் முகாமுக்கு எண்ணூறு கண்ணாடி ஆர்டர் வந்திருக்கிறது. ஏப்ரல் வரை ஞாயிறும் வந்தால் இரட்டைச் சம்பளம் என்றார் முதலாளி. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். கடையின் பின்னறையில் நானும் லென்ஸ் தேய்க்கும் மெஷினும் மட்டும். தேய்க்கும்போது தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பதால் விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிற்று. இன்று முப்பத்தொரு ஜோடி.

இவர் மதியம் போன் செய்தார். "நாங்க ரெண்டு பேரும் முட்டை பொரிச்சோம். வீடு இன்னும் நிக்குது" என்றார். சிரித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

அப்பாவும் மகளும் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவருடைய பெரிய பையனுக்குப் பிறந்தநாள். நான் போக முடியாது, ஞாயிறு வேலை இருக்கிறது. "நீயும் வந்தா நல்லா இருக்கும்" என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொன்னபோது செருப்பு மாட்டியாயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

நாற்பத்து நான்கு ஜோடி. இதுவரைக்கும் இதுதான் அதிகம். வீட்டுக்கு வந்து யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை என்பது விசித்திரமாக இருந்தது. நின்றுகொண்டே ரொட்டி தின்றேன்.

மார்ச் 17, திங்கள்

காலை ரயிலில் வந்தார்கள். மிளகுக்கு மூக்கு நுனி வெயிலில் தோலுரிந்திருக்கிறது. குரல் கட்டிப்போயிருக்கிறது. "மொட்டை மாடியில ரெண்டு நாளும் ஒரே ஆட்டம்" என்றார் இவர். பிறந்தநாள் எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கேக் என்ன நிறம் என்றுகூடச் சொல்லவில்லை. அவளா இது? களைப்பு போலிருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

கண் பரிசோதிக்கும் அக்கா பதினொரு சோப்பு உறை கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். "என் வீட்டுக்காரரைத் தினம் ரெண்டு தடவை குளிக்க வச்சிருக்கேன். உன் பொண்ணு பேரைச் சொல்லி மனுஷன் சுத்தமாயிட்டாரு." கடை முழுக்க ஒரே வாசனை. வாடிக்கையாளர்கள் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

இருபத்து மூன்று ஆயிற்று. வீட்டில் மிளகை வைத்துக்கொண்டு எண்ணினேன். அவள் எண்ணாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

டிக்கெட் போட்டாயிற்று! மே ஆறு, செவ்வாய். வாரநாள் கட்டணம். மூன்று வாரம் முன்னதாகப் போட்டால் அதற்கும் கொஞ்சம் குறைகிறது. இவருடைய நம்பரில்தான் பதிவு செய்தேன், என் போனில் அந்தப் பக்கமே திறக்கவில்லை. 'முதல்முறை வருபவர்களுக்குப் பதினைந்து சதவீதச் சலுகை' என்று இருந்தது. அழுத்தினால், இந்த எண்ணுக்குப் பொருந்தாது என்று வருகிறது. மூன்று தடவை முயன்றேன். அவர்களுக்கே போன் செய்து கேட்கலாம் என்று எழுந்தேன்.

"விடு, சர்வர் கோளாறா இருக்கும். அந்த வித்தியாசத்தை நான் போட்டுடறேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். இவரா? டைல்ஸ் கடையில் இந்த வருஷ ஊக்கத்தொகை வரவே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்த மனுஷன்.

மனசு நிறைந்துபோயிற்று. நான் மட்டும்தான் இழுக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மே 5, திங்கள்

வந்து சேர்ந்தோம். பூங்காவை ஒட்டிய விடுதிகளெல்லாம் யானை விலை. நாங்கள் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, அடுப்பு வைத்த ஓர் அறை. ஜன்னலில் ஒரு கொக்கி இல்லை, மற்றபடி சுத்தம். உள்ளே வெளிச்சாப்பாடு விடமாட்டார்கள் என்பதால் காலையில் இங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவதாகத் திட்டம். தண்ணீர்ச் சவாரிக்கு மழைக்கோட்டு விற்பார்களாம், கொள்ளை விலை. பெரிய பிளாஸ்டிக் பைகளில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி வைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்து மூன்று பேரும் சிரித்தோம். இவர் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்.

மிளகு நூற்று முப்பத்தொன்பது. தப்பித்தோம்.

மே 7, புதன். ரயிலில்.

நேற்று எழுத முடியவில்லை. கை ஓடவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

வாசலில் உயரம் அளந்து மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டுகிறார்கள். மிளகு, யாரும் சொல்வதற்கு முன்பே சட்டைக் கையை மடக்கி இடது கையை நீட்டினாள். முன்னால் நின்றவர்களைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போனதும் பெரிய நீரூற்று. "அம்மா, பாரேன்! எவ்ளோ உயரம்!" என்று கத்தினாள். எனக்கு அந்த நிமிஷமே எண்ணூறு கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. இதற்குத்தானே.

பிறகு நான் கழிப்பறை எங்கே என்று வரைபடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து, ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால், ஒரு வேலியைச் சுற்றி, நேராகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். அங்கே பலகைகூட இல்லை. "எப்படிடி தெரியும்?" என்றதற்கு "சும்மா" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. புத்தியில்லை எனக்கு.

படகுச் சவாரி. உச்சியிலிருந்து விழும்போது படம் எடுத்துவிடுகிறார்கள். இறங்குமிடத்தில் கவுண்டர். வாங்கத்தான் காசு, பார்க்க இல்லை. சரி, பார்த்துவிட்டாவது போகலாம் என்றேன். "வேணாம் வா, கூட்டமா இருக்கு" என்று இவர் கையைப் பிடித்து இழுத்தார். கூட்டமே இல்லை. நான் டிக்கெட் பதிவு செய்த இவருடைய நம்பரைச் சொன்னேன்.

கவுண்டர்ப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். "இந்த நம்பர்ல ரெண்டு நாள் படம் இருக்கு மேடம். இன்னைக்கா, மார்ச் பதினாறா?"

முன்வரிசையில் இவரும் மிளகும், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு. பின்னால் நாத்தனார், அவருடைய இரண்டு பையன்கள். எல்லாருக்கும் மஞ்சள் மழைக்கோட்டு. இவர் வாயை அவ்வளவு அகலமாகத் திறந்து சிரித்து நான் பார்த்தே பல வருஷம் ஆயிற்று. பக்கத்துக் கட்டத்தில் நேற்றைய படம் — பிளாஸ்டிக் பைக்குள் நாங்கள் மூன்று பேர். நான் ஒருத்திதான் சிரிக்கிறேன்.

மார்ச் பதினாறு. நாற்பத்து நான்கு ஜோடி.

"மார்ச் பதினாறு குடுங்க" என்றேன். என்ன விலை என்று கேட்கவில்லை. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிளகு பையை — அந்த பிளாஸ்டிக் பையை — கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

மிச்ச நேரமும் இருந்தோம். டிக்கெட் வாங்கியாயிற்றே. எல்லாச் சவாரியிலும் ஏறினோம்.

அறைக்கு வந்தபின் அவளைக் கீழே முற்றத்துக்கு அனுப்பிவிட்டு இவரைக் கேட்டேன்.

"அக்கா பசங்க ஒரே பிடிவாதம். அங்கேருந்து ரெண்டு மணி நேரம்தான். மிளகை மட்டும் வீட்டுல விட்டுட்டா போக முடியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விடுவியா? நீ இல்லாம முதல் தடவை எப்படின்னு கேப்பே. கேக்க மாட்டே?"

"பணம்?"

சட்டைப்பையைத் தடவிக்கொண்டே, "ஊக்கத்தொகை வந்துச்சு" என்றார்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக: "கோபப்படாதே. உன்கூட வந்தா வாயில வைக்கிற ஐஸ்கிரீமுக்குக்கூட விலை ஞாபகம் வருது. அன்னைக்கு ஒரே ஒரு நாள் கணக்குப் பார்க்காம இருந்தோம். அவ்ளோதான்."

அவ்ளோதான்.

நான் கணக்குப் பார்த்தது யாருக்குய்யா? என் கழுத்துல போட்டுக்கவா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா அந்த மெஷின் முன்னாடி உக்காந்து விரலெல்லாம் ஊறிப்போயி — அப்போ நீங்க அங்க கையைத் தூக்கிட்டு... சலுகை இல்லைன்னு வந்தப்போ காசை எடுத்து வச்சீங்களே, அப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எவ்ளோ நல்ல மனுஷன்னு நினைச்சேன்.

எதிர் இருக்கையில் மிளகு தூங்குவதுபோல் கண்ணை மூடியிருக்கிறாள். இமை துடிக்கிறது.

மே 8, வியாழன்

அந்த நீரூற்று. "எவ்ளோ உயரம்!" — அதை யார் சொல்லிக்கொடுத்தது?

மே 9, வெள்ளி

அவளாகவே வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை எடுத்துத் தானும் மடிக்க ஆரம்பித்தாள், கோணல்மாணலாக.

"அப்பா சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. நீ அழுவேன்னு சொன்னாரு."

நான் ஒரு சட்டையை எடுத்து உதறினேன்.

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா நீ சோப்பு கவரெல்லாம் எண்ணிட்டு இருந்தே. சொன்னா நீ எண்றதை நிறுத்திடுவே."

"நிறுத்தினா என்னடி? நீதான் பார்த்துட்டியே."

"உன்கூட போக முடியாதே."

கட்டிக்கொண்டேன். கோபம் போகவில்லை, ஆனால் கட்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே சமயத்தில் முடியும் என்று எனக்குத் தெரியாது.

மே 11, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தார். படம் விஷயம் தம்பி சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அவர் அழுகிறார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நீயே போகச் சொன்னதாத்தான் அவன் சொன்னான். உனக்கு அந்த மாதிரி இடமெல்லாம் பிடிக்காதுன்னான். நான்கூட, அவளையும் கூட்டிட்டு இன்னொரு நாள் போலாமேன்னேன்."

"பரவாயில்ல அண்ணி" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆக, அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில், எதுவுமே பிடிக்காத ஒரு பெண்பிள்ளை. யார் அவள்? எனக்கு அவளைத் தெரியாது. பத்து வருஷமாக இவர் அவளோடுதான் குடும்பம் நடத்தினாரா?

மே 27, செவ்வாய்

இவர் மிகவும் நன்றாக நடந்துகொள்கிறார். பாத்திரம் கழுவுகிறார். எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறார். நேற்று பஸ் டிக்கெட்டைக்கூட மேஜைமேல் எடுத்து வைத்தார், நான் கேட்காமலே. எனக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நான் என்ன செக்கிங் இன்ஸ்பெக்டரா?

மன்னிப்பு ஒரு தடவை கேட்டார். "உன்னை ஏமாத்தணும்னு பண்ணலை" என்றார். வேறு எதற்குப் பண்ணினார் என்று யோசித்துக்கொண்டே கிழங்கு சீவி விரலையும் சீவிக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

முகாம் ஆர்டர் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே திரும்பி வந்திருக்கின்றன. என்ன செய்வதென்று தெரியவில்லை. கண் பரிசோதிக்கும் அக்கா கையோடு பொது நீச்சல் குளத்துக்கு இழுத்துப் போனாள். பெரியவர்களுக்குக் காலை வகுப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். "விடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் சொல்லிக்கொடுக்கிற பெண். நான் விடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

விட்டேன். மூன்று எண்ணும்வரை மிதந்தேன். மிளகு படிக்கட்டில் உட்கார்ந்து கை தட்டினாள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று குளத்தின் பாதி தூரம் போனேன். மூக்கில் தண்ணீர் ஏறினாலும் நிற்கவில்லை. வெளியே வந்தபோது மிளகு அறிவிப்புப் பலகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எதைக் கண்டாலும் படிப்பாள். "பெரியவர்கள் வகுப்பில் இன்னும் ஆறு இடங்கள் காலியாக உள்ளன."

மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவர் என் ஈரத் தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "நானும் வரட்டுமா அடுத்த வாரத்துலேர்ந்து? எனக்கும்தான் நீச்சல் தெரியாது. இடம் இருக்கான்னு கேட்டுப் பாரேன்." சும்மா கேட்கவில்லை. குரல் அப்படி இருந்தது. பாவம், ஆசையாகத்தான் கேட்டார்.

"எல்லாம் நிரம்பிடுச்சாம்" என்றேன்.

மிளகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமாப்பா, ஃபுல்லு" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.