இரண்டாவது கேமரா

டிசம்பர் 8

இந்த ஆண்டின் கடைசிக் கல்யாணம் நேற்றோடு முடிந்தது. ஜனவரி பாதி வரை எனக்கு வேலை இல்லை. நவம்பர் முழுக்க இந்த ஓய்வுக்காகத்தான் ஏங்கினேன். காலை பத்து மணிக்கே கை அரிக்கிறது. லென்ஸ்களைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். என் ஃபோட்டோ கடைக்குக் கீழே தையல்கடை. இயந்திரத்தின் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறுகிறது. மற்ற நாட்களில் இதைக் கவனித்ததே இல்லை.

சொந்தமாகத் தொழில் தொடங்கி நான்கு வருடம். ஒவ்வொரு டிசம்பரிலும் திரும்பிப் பார்த்து ஒரு பக்கமாவது எழுதிவிடுவேன். இந்த முறை ஒரு வரிக்கு மேல் நகரவில்லை. முப்பத்தொரு கல்யாணம், ஒன்பது குழந்தைகள், ஒரு சோப்புக் கம்பெனி. இதில் என் படம் என்று சொல்ல ஒன்றாவது உண்டா?

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "ஊர்ல இருக்கறவங்க கல்யாணத்தையெல்லாம் படம் புடிச்சாச்சு..." அதற்கு மேல் சொல்லவில்லை. முடிக்காமலே வாக்கியத்தை முடிக்கிற வித்தை அம்மாவுக்கு மட்டும்தான் வரும்.

டிசம்பர் 11

ஒரு பதிப்பகத்திலிருந்து ஒரு பெண்மணி பேசினார். பதிப்பாசிரியர். நகரப் பேருந்துப் பணிமனையைப் பற்றிப் படப் புத்தகம் போடுகிறார்களாம். மெக்கானிக், ஓட்டுநர், நடத்துநர், பஸ் கழுவுகிறவர்கள். ஒரு வருட வேலை. ஒரே ஆள்தான் எடுக்க வேண்டும். அட்டையில் பெயர்.

"உங்க வெப்சைட்ல எல்லாப் படமும் பார்த்தேன். நீங்க ஒண்ணு பண்றீங்க. ஃபோட்டோ எடுத்து முடிச்சதும் ஆளுங்க அப்பாடான்னு தோளை இறக்குவாங்க இல்ல? அப்போ இன்னொண்ணு எடுக்கறீங்க. எங்களுக்கு வேண்டியது அந்த இன்னொண்ணுதான்."

"ஆமாங்க" என்றேன். எதற்கு ஆமாம் சொன்னேன்?

இந்த ஆண்டின் முப்பது படங்களை, கேமராவிலிருந்து வந்தபடியே, எந்த வேலையும் செய்யாத மூல ஃபைல்களாக முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அவர்கள் வழக்கமாம். மெருகு போட்டதை நம்ப மாட்டார்களாம்.

தெருவில் நடக்கும்போது ஒரு தண்ணீர் லாரிக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய் ஹாரன் அடித்தார்.

டிசம்பர் 12

நான் அப்படியா எடுக்கிறேன்?

டிசம்பர் 14

முப்பதும் தேர்ந்தெடுத்தாயிற்று. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாம் இணையதளத்தில் இருப்பவைதான். மாலையைக் கழற்றிக் கழுத்தைச் சொறிகிற மாப்பிள்ளை. குடும்பப் படம் முடிந்ததும் பட்டுப்புடவையோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்ட அத்தை. மேடையிலிருந்து இறங்கும்போது மகள் கையைத் தேடுகிற அப்பா, விரல்கள் மட்டும். பார்க்கப் பார்க்க எனக்கே கர்வமாக இருந்தது.

மூல ஃபைல்களைத் தேடி எடுப்பதுதான் தலைவலி. கல்யாணத்தில் எங்களுக்கு இரண்டு கேமரா. மேடைக்கு எதிரே நான், புதியதோடு. பக்கவாட்டில் அக்கா, என் பழையதோடு. மறுநாள் இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, நேர வரிசைப்படி எண் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு அது யார் எடுத்த படமும் இல்லை. கல்யாணப் படம். இரண்டாயிரத்தைச் சலித்து இருநூறாக்குவது என் வேலை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பாஸ்போர்ட் அக்கா. வயது நாற்பத்து மூன்று. பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் இருந்த ஃபோட்டோ கடையில் பதினெட்டு வருடம் "காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்து, மூன்று வருடமாக எனக்கு இரண்டாவது கேமரா. வாயைத் திறந்தால் கிண்டல்தான். மேடையில் நாற்பது பேரை நான் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "பாப்பா, மூணாவது வரிசைல ஒருத்தர் தூங்கியே போயிட்டார்" என்பார்.

ஒவ்வொரு மூல ஃபைலுக்குள்ளும் அதை எடுத்த கேமராவின் எண் இருக்கும். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

எதற்கு நாளைக்கு? இன்றே பார்த்திருக்கலாமே.

டிசம்பர் 15

முப்பதில் இருபத்திரண்டு பழைய கேமரா.

டிசம்பர் 16

ஜூனில் என் புதிய கேமரா ரிப்பேரில் இருந்தது. மூன்று வாரம் அக்கா இல்லாமல், பழையதோடு நான் மட்டும்தான் எடுத்தேன்! காலையில் நினைவு வந்ததும் பல்கூடத் தேய்க்காமல் கடைக்கு ஓடினேன்.

ஜூன் படங்கள் நான்கு.

மிச்சம் பதினெட்டு. மாப்பிள்ளை படம் அக்காவுடையது. தரையில் உட்கார்ந்த அத்தையும் அக்கா எடுத்ததுதான். அந்த விரல்களும்.

டிசம்பர் 18

எடுத்தது அக்கா. ஆனால் இரண்டாயிரத்தில் அதைக் கண்டுபிடித்தது யார்? ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்து, கறுப்பு வெள்ளையாக்கியது யார்? கேமரா என்னுடையது. கல்யாணத்தைப் பிடித்து வந்தது நான். தொழிலில் எல்லோரும் இப்படித்தான். கடையின் பெயரில்தான் படம் போகும்.

எல்லாம் சரிதான். அப்புறம் ஏன் இதை மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்?

படித்த கதைகளில் திருடன் தன்னைத் திருடன் என்று நினைப்பதே இல்லை. எப்போதும் ஒரு காரணம் வைத்திருப்பான். நல்ல காரணமாகவே இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குப் பூசணிக்காய் இருப்பதாவது தெரியும். எனக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை.

டிசம்பர் 20

நான் எடுத்ததில் மட்டும் முப்பது தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம்.

ஒரு குறையும் இல்லை. கோடுகள் நேராக இருக்கின்றன. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொன்னதால் பார்க்கிறார்கள்.

கணினியை மூடிவிட்டு நடந்தேன். பாலம் வரை போய், பாலத்தில் நிற்கப் பிடிக்காமல் திரும்பினேன்.

டிசம்பர் 21

அம்மாவிடம் புத்தக விஷயத்தைச் சொன்னதே தப்பு. இன்றைக்குள் சித்தி, பெரியம்மா, மாடி வீட்டுக்காரர், பால்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

"அட்டைல உன் பேரைப் பெருசா போடுவாங்களா, இல்ல மூலைல பொடியாவா?"

"இன்னும் முடிவாகலம்மா."

"பெருசாவே போடச் சொல்லு. கேட்டாத்தான் கிடைக்கும். உனக்குக் கேக்கவே வராது."

கேட்க வராதது எனக்கு இல்லை, அம்மா. என் மூச்சு படுகிற தூரத்திலேயே நின்று படம் எடுத்த ஒருத்தர் கேட்கவில்லை.

டிசம்பர் 23

அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல் முறை. மூன்றாவது மாடி. குறுகிய பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன பாப்பா, யாராச்சும் அவசரமாக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?" என்றார்.

உட்காராமலே சொல்லிவிட்டேன். பதிப்பகம், முப்பது படம், பதினெட்டு. அக்கா ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டு, க்ளிப் மாட்டினார். இரண்டு பக்கமும்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் வெப்சைட்ல என் படம் இருக்கறது. போன வருஷமே என் பொண்ணு காட்டினா. 'அம்மா, இது நீ எடுத்ததுதானே'ன்னா. ஆமான்னேன். கீழே உன் பேர் இருந்துச்சு."

"ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா? நீ வேற ஆள் பார்த்துப்பே. எனக்கு இந்த வேலை வேணும், மேடம்."

மேடம். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நான் வேணும்னே பண்ணலக்கா. சத்தியமா."

"அதுவும் தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா நாலு வார்த்தை சண்டை போட்டு முடிச்சிருப்பேன். நீ கவனிக்கவே இல்ல பாரு, அதுக்கு என்னன்னு சண்டை போடறது?"

வாளியில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினேன்.

கிளம்பும்போது அவராகவே சொன்னார்: "பதினெட்டு வருஷம் சிரிக்காதீங்க, சிரிக்காதீங்கன்னே கத்தியிருக்கேன். க்ளிக் பண்ணி முடிச்ச அடுத்த நொடி அத்தனை பேரும் சிரிப்பாங்க. அந்த மூஞ்சியைத்தான் எடுத்துக் குடுக்க முடியாது, ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. எத்தனை ஆயிரம் மூஞ்சி அப்படி வீணாப் போச்சு தெரியுமா?"

டீ தரவா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

டிசம்பர் 26

பதிப்பகத்திலிருந்து நினைவூட்டல். "உங்கள் படங்களுக்காக ஆவலோடு காத்திருக்கிறோம்."

அந்த 'உங்கள்' என்ற வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. செய்தால் என்ன மிச்சம் என்பதுதான் தெரியவில்லை. நான்கு வருடமாக நான் யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த இணையதளத்தைத்தானே காட்டினேன்? எனக்கு நானே காட்டிக்கொண்டதும் அதைத்தானே?

புத்தகம் கையை விட்டுப் போனால் மறுபடி முப்பத்தொரு கல்யாணம். 'எல்லாரும் இங்க பாருங்க.' அய்யோ.

அனுப்பாமலே இருந்துவிட்டால்? அதுவும் ஒரு பொய்தான், கொஞ்சம் மரியாதையான பொய்.

டிசம்பர் 29

முப்பதையும் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே எடுத்தவர் யார் என்று எழுதி. பிறகு, மனம் மாறுவதற்குள் பேசியும்விடலாம் என்று அந்தப் பதிப்பாசிரியரையே ஃபோனில் அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அவங்க நம்பர் குடுங்க" என்றார். அவ்வளவுதான். வங்கியில் வரிசை எண் கேட்கிற குரல்.

கொடுத்தேன்.

டிசம்பர் 31

இணையதளத்திலிருந்து அக்காவின் படங்களை எடுத்துவிட்டேன். முகப்பில் அங்கங்கே சாம்பல் நிறக் கட்டங்கள். பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

அம்மாவிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "பால்காரர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்து முடிக்க முடியாமல் எழுந்து உள்ளே போனேன்.

ஆண்டறிக்கை: முப்பத்தொரு கல்யாணம். என்னுடையவை பன்னிரண்டு படங்கள். அதில் நான்கு எனக்கே பிடித்திருக்கின்றன.

ஜனவரி 4

புத்தக ஒப்பந்தம் அக்காவோடுதான். நேற்றுக் கையெழுத்தாகிவிட்டது. அக்காவே குறுஞ்செய்தியில் சொன்னார், ஒரே வரி.

பழைய கேமராவையும் இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றார்.

"வாடகையா, தானமா?"

"உங்களோடதுதான்க்கா. வச்சுக்கோங்க."

"ரெண்டும் வேணாம். இரவலா வாங்கிக்கறேன். எனக்குன்னு ஒண்ணு வந்ததும் திருப்பிடுவேன்." பையை வாங்கிக்கொண்டார். கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. ஆனாலும் நான் உள்ளே போகவில்லை.

பொறாமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

ஜனவரி 9

எதிலும் நிலைகொள்ளவில்லை. ஒரு புத்தகத்தின் நாற்பது பக்கம், இன்னொன்றின் பதினாறு பக்கம். தையல்கடைக்காரரைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கத்தரிக்கோலை மார்போடு அணைத்து, அமைச்சர் மாதிரி நின்றார். எடுத்தேன். அப்புறம் அவர் 'இன்னொண்ணு'க்காகக் காத்திருந்தேன். நான் காத்திருப்பதைக் கண்டுகொண்டு அவர் இன்னும் விறைத்தார். இருவருக்கும் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஜனவரி 14

அக்கா கூப்பிட்டார். அவராகவே.

"பாப்பா, நாலு நாளா பணிமனைல சுத்தறேன். ஒண்ணும் தேறல."

"ஏன்க்கா?"

"ஃபோட்டோ எடுத்தாச்சு, போலாம்னு சொல்றேன். போறாங்களா? என் கைல கேமரா இருக்குல்ல, அதையே முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. கல்யாணத்துல நீ முன்னாடி நின்னு நிமிரு, குனி, தாடையை இறக்குன்னு அவங்களைப் படுத்தி எடுப்பே. நீ விட்டதும்தான் அவங்களுக்கு மூச்சே வரும். நான் பக்கத்துல நிக்கறது யாருக்கும் தெரியாது. இங்க படுத்தறதுக்கு ஆள் இல்ல."

இது புகழ்ச்சியா, ஏச்சா? கேட்டேன்.

"தெரியல. அதுக்குத்தான் கூப்பிட்டேன். வியாழக்கிழமை வருவியா?"

ஜனவரி 16

காலை ஷிப்ட் முடிகிற நேரம். பணிமனையில் டீசல் வாசனை, ஈரத் தரை, பேனட் திறந்த ஆறு பேருந்துகள். மெக்கானிக்குகள் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்தினேன். "உயரமானவர் பின்னால போங்க. கையைப் பையிலிருந்து எடுங்க, சார். நீங்க — ஆமா, நீங்கதான் — தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. எல்லாரும் இங்க பாருங்க." எல்லோரும் இங்கே பார்த்தார்கள். மரப்பாச்சிகள் மாதிரி ஏழு பேர். என்னால் முடிந்த அளவு நல்ல படம், கோடுகள் நேராக.

அட்டையில் யார் பெயர் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அக்கா பெயர்தான், அதில் பேச ஒன்றும் இல்லை. அடுத்த வியாழனும் வா என்றார் அக்கா. வருகிறேன் என்றேன்.

"அவ்வளவுதாங்க, முடிஞ்சுது" என்று நான் கேமராவை இறக்கியதும் ஏழு பேரின் தோளும் இறங்கியது. ஒருவர் எண்ணெய்த் துணியை எடுத்து இன்னொருவரின் பிடரியில் வீசினார். உயரமானவர் என்னை மறந்தே போய்க் கொட்டாவி விட்டார். எனக்கு இடப்புறம், சற்றுப் பின்னால், பழைய கேமரா ஒருமுறை சொடுக்கியது. மறுபடியும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவுக்கு என் தோள் மறைக்கக் கூடாதே என்று அரை அடி வலப்பக்கம் தள்ளி நின்றுகொண்டேன்.